செந்தூல் அடுக்ககக் குடியிருப்போர் சங்கம்: 2024ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலவை தவறாமல் கூடியது. பொங்கல் விழா, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவர்களுக்கான பட்டறை, கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவுப் பணி எல்லாம் நடந்தன. மின்தூக்கிப் புகார் இன்னும் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. கணக்கைப் பொருளாளர் படிப்பார்.

அப்புறம், தற்கொலை பற்றி நம்மவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எடுத்த கருத்தாய்வு. "வேறு பேச்சே கிடைக்கவில்லையா?" என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலேயே கேட்டார்கள். மலேசியாவில் இந்தியர்களிடையே தற்கொலை விகிதம் நெடுங்காலமாகவே மற்ற இனத்தாரைவிட அதிகம். பேசாமல் இருந்துதான் பார்த்தாயிற்றே.

இதற்கென்றே ஆய்வாளர்கள் வகுத்த கேள்வித்தாள்கள் உண்டு. 2003இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒன்றைப் பார்த்து, 'முழுக்க ஒப்புக்கொள்கிறேன்' தொடங்கி ஐந்து படிகளில் பதில் தரும்படி சில கேள்விகள் எழுதினோம். இரண்டு விதமாகக் கேட்டோம். இளைஞர் அணியினர் வீடு வீடாகப் போனபோது எல்லாரும் "பாவம், உதவத்தான் வேண்டும்" என்றார்கள். மாமியார் காதில் விழும்படி வாசலில் நின்று கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? மண்டபத்தில் பெயர் எழுதாமல் பூட்டிய பெட்டியில் போடச் சொன்னபோதுதான் மனசு வெளியே வந்தது. குறிப்பாக, "அப்படி ஒரு சாவு நடந்த வீட்டோடு சம்பந்தம் வைத்துக்கொள்வீர்களா?" என்ற கேள்வி. ஒரு தாளில் 'ஆம்' என்று குறித்து, அதை அடித்து, ஓரத்தில் "வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தது. என்னைக் கேட்டால், முழுக் கேள்வித்தாளையும்விட அந்த ஒரு வரி அதிகம் சொல்கிறது.

தற்கொலைக்கு முயன்றவரைப் போலீஸ் பிடிக்கும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அதைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நீக்கப்பட்டது 2023 செப்டம்பரில் நடப்புக்கு வந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போகத் தயங்க வேண்டியதில்லை. நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்ற பயமும் நிறையவே இருந்தது. அப்படி ஆவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன.

எத்தனை விழுக்காடு என்று கேட்காதீர்கள். மண்டபத்துக்கு வந்தவர்கள் எழுதியது மட்டும்தான் கையில் இருக்கிறது. அதை வைத்துச் செந்தூல் முழுவதற்கும் கணக்குச் சொல்ல முடியாது. கேள்வி கேட்டுவிட்டு அப்படியே விடக்கூடாது என்பதால், ஒவ்வொரு தாளின் அடியிலும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555 ஆகிய மனநல உதவித் தொலைபேசி எண்களை அச்சிட்டோம்.

அடுத்த ஆண்டும் இதே கேள்விகளை, ஒரு சொல்கூட மாற்றாமல், பெட்டி வைத்தே கேட்கச் செயலவை இந்தக் கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறது. சொல் மாறினால் இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட முடியாது. அச்சுக்கூலி வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.