‘அதே மாதிரிதான்’ என்று நீ சொல்லியிருக்கக் கூடாது, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். பொங்கலுக்கு விடுப்பு கிடைக்காது என்று நீ சொல்லிவிட்டதால், நேரில் திட்ட நினைத்திருந்ததை எழுத்தில் திட்டுகிறேன். நிதானமாகப் படி.

தீபாவளிக்கு நீ வந்தபோது என் மடிக்கணினியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாய். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இனிமேல் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்றாய். 11-க்குப் போகலாமே என்றேன். அதற்கு இன்டெலில் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், உங்களுடையது ஆறாம் தலைமுறை என்றாய். 2016-இல் வாங்கிய கணினி. ‘க’ விசை தேய்ந்து எழுத்து அழிந்திருப்பதைத் தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை. ஓடுகிற வண்டியைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது என்று உனக்குத் தெரியும். பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாய்.

அதுவரைக்கும் நீ செய்தது சரிதான். விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டை, வன்தட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினாயே, அது எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்றால் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி இருக்கலாம் என்பது பெண் பார்க்கப் போவதை விடவும் நாகரிகமான ஏற்பாடு. ‘மின்ட்’ என்றால் புதினா, அதன் முகப்புத் திரைக்குப் பெயர் ‘சின்னமன்’, அதாவது இலவங்கப்பட்டை என்று நீ விளக்கியபோது உன் அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்தப் பதிப்பு 22.2, இதன் பெயர் ஜாரா, ஒவ்வொரு பதிப்புக்கும் அகர வரிசையில் ஒரு பெண் பெயர் என்றாய். புயலுக்குப் பெயர் வைப்பது போலிருக்கிறது என்று அவள் சொன்னாள். அவள் வாக்கு பலித்தது.

விண்டோஸை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே இதையும் நிறுவினாய். நீ செய்த தவறு ஒரே ஒரு வாக்கியம். கிளம்பும்போது வாசற்படியில் நின்று, “எல்லாம் அதே மாதிரிதான் மாமா” என்றாய்.

இல்லை. அதே மாதிரி இல்லை. அதே மாதிரி தெரிகிறது, அதுதான் வம்பு. இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம், நடுவில் கோப்புறை. ஊரே புதிது என்றால் நாம் வழி கேட்டு நடப்போம். நம் தெருவைப் போலவே இருக்கிற வேறொரு தெருவில்தான் அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டி அவமானப்படுவோம். இந்த இரண்டரை மாதத்தில் நான் எத்தனை கதவைத் தட்டினேன் என்று கேள்.

முதல் கதவு என் கோப்புகள். கோயில் குழுவின் தீர்மானப் புத்தகம், இருபது வருடத்தது, எல்லாம் நானே தட்டியது. நீ ரயில் ஏறிய அன்று இரவு அதைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும். தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. இருபது வருடத்தையும் புதினா தின்றுவிட்டது என்று நினைத்தேன். உன்னை எழுப்ப மனமில்லாமல் விடியும் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், உனக்குத் தெரியாது.

காலையில் நீ தொலைபேசியில் சொன்னது இப்போது எனக்கு நன்றாகவே புரிகிறது. கோப்பு கெடவில்லை, அதற்குரிய பழைய எழுத்துரு இந்தப் பக்கம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் இருந்த சங்கதிதான் என்னை அசைத்துவிட்டது. நான் தமிழில் எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தது தமிழே இல்லையாமே! கணினிக்குள் கிடந்தது ஆங்கில எழுத்து, அதற்கு எழுத்துரு தமிழ் வேடம் கட்டியிருந்தது. வேடத்தைக் கழற்றியதும் கூத்துக்காரன் தெரிந்துவிட்டான். தமிழ் எழுத்துக்கும் தனி எண் கொடுத்து வைத்திருக்கிற உலகப் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டது. செய்தித்தாளில் படித்தேன், மடித்து வைத்தேன், மறந்தேன். எழுத்துருக் கோப்பைப் பழைய பக்கத்திலிருந்து எடுத்து இங்கே நிறுவியதும் தீர்மானங்கள் திரும்பி வந்தன. இப்போது ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றிய கோப்பில் ‘குடமுழுக்கு’ என்று தேடினால் குடமுழுக்கு கிடைக்கிறது. முன்பெல்லாம் அந்தத் தேதியைப் பிடிக்க ஒரு பிற்பகல் போகும்.

அடுத்த கதவு விசைப்பலகை. முப்பது வருடம் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவனுக்கு, ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகிவிடும் என்று காட்டிவிட்டுப் போனாயே, உனக்குக் கொஞ்சமாவது பயம் இருந்ததா? என் இடது கை விரல்களுக்குத் தெரிந்தது ‘யளனகப’, தமிழ்த் தட்டச்சு மெஷினின் நடு வரிசை. இந்தக் கையால் எத்தனையோ பிள்ளைகளை இளநிலையும் முதுநிலையும் எழுத வைத்திருக்கிறேன். தமிழ்99 என்கிற புது விசை வரிசையும் நல்ல அமைப்புதான், 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி வந்தது, அரசே தரப்படுத்தியது, எனக்கு அதன் மேல் கோபமில்லை. க அடித்து எ அடித்தால் ‘கெ’ வருகிறது. நாங்கள் கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் க போடுவோம். அறுபது வயதுக்கு மேல் கொம்பைப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னால் மாடு கேட்குமா?

ஒரு வாரம் ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள், உள்ளீட்டு முறைப் பட்டியலைக் கடைசி வரை இறக்கிப் பார்த்தேன். தமிழின் கீழ் தமிழ்99 இருந்தது, இன்ஸ்கிரிப்ட் இருந்தது, ஒலிபெயர்ப்பு இருந்தது, கூடவே தட்டச்சு என்றும் ஒன்று இருந்தது. தேர்ந்தெடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்தேன். யளனகப. அப்படியே வந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர், என்னைப் போன்ற கிழவன் ஒருவன் வருவான் என்று நினைத்துக் காசு வாங்காமல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஹெல்சின்கியில் 21 வயது மாணவர் ஒருவர் 1991-இல் பொழுதுபோக்காகத் தொடங்கினார் என்று நீ லினக்ஸைப் பற்றி மணிக்கணக்காகச் சொன்னது எதுவும் என் மனதில் ஒட்டவில்லை. பட்டியலில் கிடந்த ‘தட்டச்சு’ என்ற அந்த ஒரு வரி ஒட்டிக்கொண்டது.

இனி கடிகாரம். இரண்டு இயங்குதளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய் அல்லவா? லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் காலை பத்தரைக்குக் கடிகாரம் ஐந்து காட்டியது. அங்கே நேரத்தைத் திருத்திவிட்டு இங்கே வந்தால் மாலை நான்கு. ராகுகாலம் பார்த்து வேலை தொடங்குகிற வீட்டில் இது என்ன கூத்து என்று உன் அத்தை கேட்டாள். வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் என்பதைக் கவனித்ததும் எனக்கே பொறி தட்டியது: கிரீன்விச்! கணினிக்குள் இருக்கிற கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் வழக்கப்படி படிக்கிறார். இரண்டு கணக்குப்பிள்ளைகள், ஒரே பேரேடு. ஒரே வரிக் கட்டளையில் நீ சரிசெய்துவிட்டாய், ஆனால் காரணத்தை நான் கண்டுபிடித்தேன் என்பதை உன் அம்மாவிடம் சொல்.

அந்தப் பக்கத்து வன்தட்டுப் பகுதியில் இங்கிருந்து எதையும் சேமிக்க முடியாமல் போனதும் இந்த வகைதான். விண்டோஸ் மறுநாள் விரைவாக எழுந்துகொள்வதற்காக முழுக்க அணையாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கிறது, தூங்குகிறவன் பெட்டியில் கை வைக்கக் கூடாது என்று லினக்ஸ் எழுத மறுக்கிறது. நியாயம்தான். அந்த விரைவுத் தொடக்கத்தை நிறுத்தியதும் சரியானது. ‘கோயில்’ என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு கோப்புறை, சின்ன எழுத்தில் ஒரு கோப்புறை, இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறதே, அது மட்டும் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. தமிழில் ஏதப்பா பெரிய எழுத்து, சின்ன எழுத்து?

நல்லதையும் சொல்ல வேண்டும். மென்பொருளுக்காக இணையத்தில் கண்ட இடத்தில் கையேந்த வேண்டியதில்லை, ஒரே கடையில் இருக்கிறது. எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேறிடத்தில் மவுஸின் சக்கரத்தை அழுத்தினால் அது அங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. இதை நீ சொல்லித் தரவில்லை, கை தவறி அழுத்தியதில் கிடைத்தது. லிபரே ஆபிஸில் ஒரே பொத்தானில் பிடிஎஃப் ஆகிவிடுகிறது. வேகமும் கூடியிருக்கிறது.

ஒரு பழைய பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன். 2011-இல் தொடங்கி அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்ததே, அவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நம் சென்னையிலேயே உருவாக்கியது. பயிலகத்துக்கு வந்த பிள்ளைகள் “சார், இது என்ன?” என்று கேட்பார்கள். “அதை அழித்துவிட்டால் இடம் மிச்சம்” என்று சொல்லி, அழித்துக் கொடுக்கிற கடைக்கு வழியும் காட்டினேன். ஒருவனையாவது திறந்து பார் என்று சொல்லியிருக்கலாம்.

அச்சுப்பொறி மட்டும் வழிக்கு வரவில்லை. அந்தப் பழைய லேசர் பெட்டிக்கு லினக்ஸில் ஒழுங்கான இயக்கி, அதாவது அதை ஓட்டுகிற மென்பொருள், இல்லை என்று நீயும் மூன்று இரவு மல்லாடிக் கைவிட்டாய். பிடிஎஃப் செய்து எதிர் ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்கிறேன், பக்கத்துக்கு இரண்டு ரூபாய். அவசரம் என்றால் இணையத்தைத் துண்டித்துவிட்டு விண்டோஸில் நுழைந்து அச்சிட்டுவிட்டு ஓடிவந்துவிடுகிறேன். நிறுவுவதற்கு முன்பே பென் டிரைவில் ஓட்டினோமே, அப்போதே ஒரு தாளை அச்சிட்டுப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இப்போது மேலத்தெரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் தன் கணினிக்கும் இதையே போட வேண்டும் என்கிறார். நீ அடுத்த முறை வரும்போது போட்டுக் கொடு, ஆனால் வாயைத் திறக்காதே, பேசுகிற வேலையை என்னிடம் விடு. என்ன அச்சுப்பொறி, எந்த எழுத்துரு, ஆண்டுக் கணக்குக்கு எந்த மென்பொருள் என்று முதலில் அவரைக் கேட்பேன். பிறகு, “சார், இது வேறு ஊர். ஒரு மாதம் வழி கேட்டுத்தான் நடக்க வேண்டும்” என்பேன். அதற்குப் பிறகும் சரி என்றால் உன் பென் டிரைவை எடு.

அத்தை முறுக்கு அனுப்பியிருக்கிறாள். டப்பாவைத் திருப்பிக் கொண்டு வா.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: இந்தக் கடிதம் முழுக்க யளனகபவில் அடித்தது. பழைய மெஷினில் ஒரே தட்டில் வந்த ‘ஸ்ரீ’ இங்கே எந்த விசையில் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல். மாசி மகத்துக்கு அழைப்பிதழ் அடிக்க வேண்டும்.