அலுவலகத்தில் எவ்வளவு சொல்வது?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு குழுவுக்கே தலைமை ஏற்றிருக்கிறாய் என்ற செய்தியைப் படித்தபோது மனம் நிறைந்தது. அதே கடிதத்தின் பின்பாதியில் நீ எழுதியிருந்த அறிவுரையைப் படித்தபோது, உன்னோடு சற்று வழக்காட வேண்டும் என்றும் தோன்றியது. “ஒளிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. என் குழுவில் ஒருவர் இப்படிப்பட்ட அறுவை சிகிச்சையை என்னிடம் மறைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்” என்று எழுதியிருந்தாய். உன்னிடம் வேலை பார்ப்பவளாக நான் இருந்தால் மறுபேச்சின்றிச் சொல்லிவிடுவேன். என் மேலாளர் நீயில்லை என்பதுதான் சிக்கல்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உடல் எடையைக் குறைப்பதற்கான அறுவை சிகிச்சை உறுதியாகிவிட்டது. தேதி மட்டும் வர வேண்டும். சர்க்கரை நோயும் இருப்பதால், இரைப்பையின் மேற்பகுதியில் சிறிய பை அளவுக்கு மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கும் பைபாஸ் முறையே எனக்குப் பொருந்தும் என்று மருத்துவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியே செய்வதால் மருத்துவமனையில் இரண்டு மூன்று நாட்கள் இருந்தால் போதுமாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் திரும்பிவிடலாம். கனமான பொருள்களைத் தூக்குவதை மட்டும் இன்னும் சில வாரங்கள் தவிர்க்க வேண்டும். கத்தியைப் பற்றிய பயம் எனக்கு அவ்வளவாக இல்லை. அலுவலகத்தில் யாரிடம் எதைச் சொல்வது என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.

நீ ஒரே கேள்வியாகக் கேட்டதை நான் இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். நான் எப்போது இருக்கமாட்டேன், திரும்பி வந்த பிறகு எதைச் செய்ய இயலாது என்பது ஒன்று. எதற்காக என்பது மற்றொன்று. முதலாவதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த மேலாளராலும் வேலையைப் பகிர்ந்து கொடுக்க முடியாது. அதை மறைப்பது நியாயமும் இல்லை. இரண்டாவதைத் தெரிந்துகொள்வதால் அவர் என் வேலையைப் பொறுத்துச் செய்யப்போகும் மாற்றம் என்ன என்று எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. விடுப்பு விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் என் பணி ஒப்பந்தத்தையும் விதிகளையும் முதலில் எடுத்துப் படித்தேன். மருத்துவர் சான்றிதழ் வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறதே தவிர, நோயின் பெயரை மேலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இல்லை. அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேட்டதில், “வயிற்றுப் பகுதியில் அறுவை சிகிச்சை, இன்ன தேதி வரை ஓய்வு தேவை, இன்ன தேதி வரை எடை தூக்கக் கூடாது” என்று எழுதித் தருவதாகச் சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனி.

காப்பீடு மட்டும் வேறு கணக்கு. அலுவலகம் எடுத்துக் கொடுத்த காப்பீட்டின் வழியாகச் செலவைக் கோருவதால், அந்தப் படிவத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதியாக வேண்டும். அதில் மழுப்பினால் பணமும் போகும், நம்பகமும் போகும். ஆனால் அந்தப் படிவம் யார் மேசைக்கெல்லாம் போகிறது என்று மனிதவளப் பிரிவில் பொதுவாக விசாரித்தேன். நேராகக் காப்பீட்டு நிறுவனத்துக்கே அனுப்பலாம் என்றும், என் மேலாளர் அதைப் பார்க்கும் வழி இல்லை என்றும் தெரிந்தது. இந்த ஒரு விசாரணையைச் செய்யாமல் மேலாளரிடம் வாய்மூடி இருந்து பயனில்லை.

நான் ஓட்டுநராகவோ, உயரத்தில் ஏறி வேலை செய்பவளாகவோ, பெரிய இயந்திரத்தின் முன் நிற்பவளாகவோ இருந்திருந்தால் இந்த வாதம் முழுவதும் மாறிப்போயிருக்கும். பைபாஸ் செய்தவர்களில் சிலருக்கு இனிப்பு சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் படபடப்பும் வியர்வையும் தலைசுற்றலும் வரும்; வேறு சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும். பிறர் உயிர் என் கையில் இருக்கும் வேலையில் அதை நிறுவன மருத்துவரிடம் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை. என் வேலை கணினியின் முன்னால். என் தலை சுற்றினால் நான் மட்டும்தான் விழுவேன்.

இனி, காரணத்தைச் சொல்ல ஏன் தயங்குகிறேன் என்பதற்கு வருகிறேன். உடல் பருமனை ஒரு நோய் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013 இல் ஏற்றுக்கொண்டது. அலுவலகங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கே அது இன்றும் ஒரு குணம். சோம்பலும் நாக்கை அடக்க முடியாமையும் சேர்ந்த குணம். அதற்கு அறுவை சிகிச்சை செய்துகொள்வது குறுக்கு வழி. ஆயுள் முழுவதும் இரும்பு, கால்சியம், பி12, டி வைட்டமின் மாத்திரைகளை விழுங்கி, அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்து, சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதைக்கூட விட்டுவிட வேண்டிய இந்த வழியில் எங்கே குறுக்கு இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அதை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்கும் தெம்பு, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு இருக்காது. என் மேலாளர் கெட்டவர் அல்லர். ஆனால் மற்றவர்களின் தட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. சொல்லிவிட்டால் நான் சாப்பிடும் ஒவ்வொரு கவளத்துக்கும் அவரும் ஒரு மருத்துவர். நான் ஒருநாள் சோர்ந்து உட்கார்ந்தால் அறுவை சிகிச்சைதான் காரணம். ஓர் அறிக்கை தாமதமானாலும் அதுவே காரணம். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் நேரத்தில், “அவர் உடல்நிலை தாங்குமா” என்று அக்கறையோடு ஒருவர் கேட்டால் போதும். வெறுப்போடு கேட்க வேண்டிய தேவையே இல்லை.

இன்னொன்றும் உண்டு. இன்று சொல்லாததை ஆறு மாதம் கழித்து, மனம் இசைந்தால், நானே சொல்லிக்கொள்ள முடியும். இன்று சொல்லிவிட்டதை ஆறு மாதம் கழித்து யாரிடமிருந்தும் திரும்ப வாங்க முடியாது. எடை எந்த அளவுக்குக் குறையும், உடம்பு எப்படி ஏற்கும் என்று எனக்கே தெரியாத இப்போதைய நிலையில், இன்னும் என் கையில் இருக்கும் தேர்வை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஆனால் மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்பதில் நான் உன் பக்கம்தான். பித்தப்பைக் கல் என்று சொல்லிவிடு, ஒருவரும் மேலே கேட்கமாட்டார்கள் என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி யோசனை சொன்னாள். வேடிக்கை என்ன தெரியுமா? எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உண்டாவது சாதாரணமாக நடப்பது. அதைத் தடுக்கச் சில மாதங்களுக்கு மாத்திரையே கொடுக்கிறார்கள். இப்போது இல்லாத பித்தப்பைக் கல்லைச் சொல்லி விடுப்பு எடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு உண்மையாகவே கல் வந்தால் எந்த முகத்தோடு இரண்டாவது முறை பித்தப்பையை எடுக்கப் போவது?

உண்மையில் எனக்குக் கடினமாக இருப்பது மேலாளரிடம் பேசுவது அல்ல. அதற்குப் பிறகு வரும் மாதங்கள்தான். அறுவை சிகிச்சையை மறைக்கலாம், எடையை மறைக்க முடியாது. பெரும்பாலான எடை முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் குறைந்துவிடும். மூன்றாம் மாதத்திலேயே உடைகள் தொளதொளக்கும், தலைமுடி கொட்டத் தொடங்கும். உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதோ என்று சிலர் பயப்படுவார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வாரமும் கல்லீரல் சுருங்குவதற்காக நான் பெரும்பாலும் திரவ உணவாகவே எடுக்கும்போது, குமட்டலையும் விடுப்பையும் முடிச்சுப் போட்டு நான் கருவுற்றிருக்கிறேன் என்றே சிலர் தீர்மானித்துவிடுவார்கள். (அறுவைக்குப் பின் ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்த பிறகே கருத்தரிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?) பிறகு எல்லாரும் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: “எப்படி இவ்வளவு இளைத்தாய், என்ன செய்தாய்?”

நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு என்று சொல்லித் தப்பிப்பது மிகச் சுலபம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் செய்யப்போவதில்லை என்று முடிவு செய்தது இந்த ஒரு விஷயத்தில்தான் மிக உறுதியாக. எங்கள் பிரிவில் என்னைவிடப் பருமனான பெண் ஒருத்தி இருக்கிறாள். பல ஆண்டுகளாகப் பட்டினி கிடந்து, நடந்து, குறைத்து, மீண்டும் ஏற்றிக்கொண்டு அவள் படும் பாட்டை நான் அறிவேன். அது என் பாடும்தானே. இரைப்பையின் பெரும்பகுதிக்கு உணவு போகாமல் செய்து, பசியைத் தூண்டும் சுரப்புகளையே மாற்றி அமைத்ததால் கிடைத்ததை, நான் வெறும் நடையால் கிடைத்தது என்று அவள் காதுபடச் சொன்னால், தன் நடை மட்டும் ஏன் பலிக்கவில்லை என்று அவள் தன்னையே நொந்துகொள்வாள். என் தனிமையைக் காக்க எனக்கு உரிமை உண்டு, அதற்கான விலையை அவள் கொடுக்க வேண்டும் என்பது இல்லை. ஆகவே பொதுவாகக் கேட்பவர்களுக்கு, “மருத்துவர் கண்காணிப்பில் சிகிச்சை எடுத்துக்கொள்கிறேன், நன்றாக இருக்கிறேன்” என்று மட்டும் சொல்வதாக இருக்கிறேன். அவளாகவே தனியாக வந்து கேட்டால் முழுவதையும் சொல்லிவிடுவேன். அது பிறகு அலுவலகம் முழுவதும் பரவினாலும் பரவட்டும்.

உன் பேச்சில் நான் ஏற்றுக்கொள்ளும் பகுதியும் உண்டு. ஏதேனும் சிக்கல் நேர்ந்து விடுப்பு நீண்டால், ஒன்றுமே தெரியாத மேலாளருக்குச் சந்தேகம் வருவது இயல்பு என்று எழுதியிருந்தாய், சரிதான். அதனால், விடுப்பு நீளக்கூடும் என்பதையும், நீண்டால் மருத்துவரின் கடிதம் உடனே வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லப்போகிறேன். அலுவலகத்தில் ஒருவர்கூட அறியாமல் இருப்பது ஆபத்து என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அடுத்த இருக்கையில் இருக்கும் தோழியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: வயிற்றில் கடுமையான வலி, காய்ச்சல், தணியாத நெஞ்சுப் படபடப்பு இவற்றில் எது வந்தாலும் தையல் விட்டுக் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம், என்னை எதுவும் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று. வலி என்று நான் முனகினால் கைப்பையிலிருந்து ஐபுப்ரோஃபன் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது, பைபாஸ் செய்தவர்களுக்கு அதனால் புண் உண்டாகும் என்பதையும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இனி மதியம் யாரோடு சாப்பிடுவது என்று மட்டும் கவலைப்பட்டாள்.

தேதி தெரிந்தவுடன் மேலாளரிடம் நேரில் பேசப்போகிறேன். வேலைகளை ஒப்படைக்க ஒரு மாத அவகாசமாவது அவருக்கு வேண்டும். “என்ன அறுவை சிகிச்சை?” என்று அவர் கேட்கத்தான் செய்வார். “திட்டமிட்டுச் செய்யும் வயிற்று அறுவை சிகிச்சை, பயப்பட ஒன்றும் இல்லை, மேல்விவரம் என் சொந்த விஷயமாகவே இருக்கட்டும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். சிரிப்பு இன்னும் சரியாக வரவில்லை. திரும்பி வந்த பிறகு சிறு இடைவேளைகள் அடிக்கடி தேவைப்படும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுவேன். ஒரு நாளைக்கு ஆறு முறை சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டியவள் இரண்டு மணி நேரக் கூட்டத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க முடியாது.

பேசியதை உறுதிப்படுத்தி அவருக்கு அனுப்பவிருக்கும் கடிதத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். உன் குழுவில் ஒருத்தி உனக்கு அனுப்பியதாக நினைத்து, உன் புதிய நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படி. எந்த வரியைப் படிக்கும்போது “எதற்காக?” என்று கேட்கத் தோன்றுகிறதோ, அந்த வரியின் அடியில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
உன் தோழி