ஒரு சாயங்காலத்துக்கு 9,000 ரூபாய்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கல்யாணச் செலவு பற்றிப் போன ஞாயிறு வந்த கட்டுரையில் பந்தல், சமையல், நகை என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக அலசியிருந்தீர்கள். போட்டோக்காரர்களுக்கு மட்டும் ஒரே வரி: பொத்தானை அமுக்க முக்கால் லட்சமா? கும்பகோணத்தில் அப்பா காலத்திலிருந்து ஸ்டுடியோ நடத்துகிறவன் நான். என் ரேட்டும் சரியாக அந்த முக்கால் லட்சம்தான். எனக்கென்றே எழுதியது போல் இருந்தது.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், சேர்த்து 75,000. கேண்டிட் (போஸ் கொடுக்காத இயல்பான படங்கள்) எடுக்க வரும் பையனுக்கு 10,000, வீடியோக்காரருக்கு 12,000, இரண்டு ஆல்பம் அச்சாகிப் பெட்டியோடு வர 18,000, எடிட்டிங் 8,000, வண்டி, ஹார்ட் டிஸ்க், சில்லறை 5,000. மிச்சம் 22,000. கடை வாடகை, கரண்ட் பில், லென்ஸ் ரிப்பேர் எல்லாம் அதற்குள்தான். ஆடியையும் மார்கழியையும் ஓட்டுவதும் அதில்தான். மண்டபத்தில் இரண்டு நாள் நின்றால் கம்ப்யூட்டர் முன்னால் பத்துப் பன்னிரண்டு நாள் உட்கார வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்குக்காக நான் பேனா எடுக்கவில்லை. எங்கள் தொழிலில் விலை இரண்டு. படம் எடுத்துக் கொடுக்கிற கூலி ஒன்று. அந்தப் படத்தை எங்கெங்கே, எத்தனை நாள் போட்டுக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றிக் காசு கொடுக்கிறவரும் கேட்பதில்லை, வாங்குகிற நாங்களும் வாய் திறப்பதில்லை.

அப்பா காலத்தில் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. நெகடிவ் ஸ்டுடியோவில் இருக்கும். பழுப்புக் கவரில் தேதியும் நம்பரும் எழுதி பிஸ்கட் டின்களில் அடுக்கியிருப்பார். பத்து வருஷம் கழித்து, மாமியார் தவறிவிட்டார், மாட்டுவதற்கு ஒரு படம்கூட இல்லை என்று யாராவது வந்து நிற்பார்கள். அந்தக் கல்யாணக் கவரைத் தேடி எடுத்து, கூட்டத்தில் ஓரமாக நின்ற மாமியாரைத் தனியே பெரிதாக்கிக் கொடுப்பார். காப்பிக்குக் காசு. உரிமை, லைசென்ஸ் என்ற வார்த்தையெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, டின் அவரிடம்தானே இருந்தது! இன்று முகூர்த்தம் முடிந்து நான் பந்தியில் உட்காரும்போதே மாப்பிள்ளையின் தம்பி பென்டிரைவோடு பக்கத்தில் வந்து நிற்கிறார். அடுத்த வாரம் சமையல் கான்ட்ராக்டரின் பேனரில் நான் எடுத்த வாழையிலை தொங்குகிறது. மேக்கப் போட்டவரின் இணையப் பக்கத்தில் நான் எடுத்த மணப்பெண் இருக்கிறார், படத்தின் மேல் ஸ்டுடியோ பெயர் போட்ட வாட்டர்மார்க் மட்டும் இல்லை.

கல்யாண வீட்டைக்கூட விட்டுவிடலாம். என்னை உலுக்கியது ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். ஆண்டு விழாவை எடுத்துத் தர ஒரு சாயங்காலத்துக்கு 9,000 பேசினார்கள். 640 படம், பென்டிரைவ், கையோடு காசு. நல்ல மனிதர்கள், டிபனும் கொடுத்தார்கள். சித்திரையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிறேன், நான் எடுத்த பரதநாட்டியக் குழந்தை இருபதடி பிளக்ஸில் நிற்கிறது: அட்மிஷன் நடைபெறுகிறது. மினி பஸ்ஸின் முதுகிலும் அதே குழந்தை. நோட்டீஸில் சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றுகிறார், இடது கையால். டிசைன் செய்தவர் இடத்துக்குத் தோதாகப் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

போய்க் கேட்டேன். "அதான் காசு கொடுத்தாச்சே தம்பி" என்றார் தாளாளர். கோபம் இல்லை அவருக்கு, நிஜமாகவே புரியவில்லை.

அந்த வாரமே குழந்தையின் அப்பா எனக்குப் போன் போட்டார். "என்னங்க, எங்க பொண்ணு படத்தை யாரைக் கேட்டுப் போட்டீங்க? அவளை அந்த ஸ்கூல்லேர்ந்து எடுத்தே ரெண்டு மாசம் ஆச்சு" என்றார். என்ன பதில் சொல்வது? பிளக்ஸின் மூலையில் என் பெயர்கூடக் கிடையாது. எடுத்தது நான்தான் என்று எப்படியோ விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

கூடப் படித்த வக்கீலிடம் போனேன். என் படம், என் உரிமை, நோட்டீஸ் அனுப்பு என்றேன். அவன் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து 17-வது பிரிவைக் காட்டினான். படத்தை எடுத்தவன்தான் அதன் ஆசிரியன் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் ஒருவர் சொல்லி, அவரிடம் காசு வாங்கி எடுத்த படம் என்றால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, சொன்னவர்தான் முதல் உரிமையாளர். "எழுதி வாங்கினியாடா?" என்றான். எங்கே எழுதினேன்? பில் புக்கில் "ஆண்டு விழா, 9,000" என்று ஒரு வரி. தாளாளர் சொன்னது சரியாகிவிட்டது. 57-வது பிரிவு மிச்சம் இருக்கிறது, உரிமை கைமாறினாலும் படத்தை எடுத்தவன் நான்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், என் பேர் கெடும்படி சிதைத்தால் தடுக்கலாம் என்றான். "ஆனா இடது கையால விளக்கேத்தினதுல உன் பேர் கெட்டுதுன்னு கோர்ட்ல நீதான் நிரூபிக்கணும்." இருவரும் சிரித்துவிட்டோம்.

அந்த 17-வது பிரிவு என்னையும் குத்தியது. எங்கள் கடை ஷோகேஸில் இருபது வருஷமாக யார் யார் வீட்டு மணப்பெண்களோ சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரிடமும் கேட்டதில்லை. ஒரு பெண் வீட்டார் வந்து சண்டை போட்டு எடுக்கச் சொன்னபோது, 'பெரிதாகப் பேச வந்துவிட்டார்கள்' என்றுதான் நானும் அப்பாவும் முணுமுணுத்தோம். சட்டப்படி அந்தப் படங்கள் அவர்களுடையவை. வக்கீலைப் பார்த்த அன்று சாயங்காலமே ஷோகேஸைக் காலி செய்தேன். இப்போது கேட்டு, கையெழுத்து வாங்கிய நான்கு படம்தான் அதில்.

இதற்கு நேர் எதிராக ஒன்று. 2016 பிப்ரவரி மகாமகத்தில் யாரும் கூப்பிடாமல் நானே ராத்திரியெல்லாம் விழித்து, விடிகாலையில் ஒரு மாடியிலிருந்து குளத்தை எடுத்தேன். அந்தப் படத்துக்கு யாரும் கூலி தரவில்லை, அதனால் அது முழுக்க என்னுடையது. சிவகாசியிலிருந்து காலண்டருக்குக் கேட்டார்கள். ஒரு வருஷக் காலண்டருக்கு மட்டும், வேறெதற்கும் இல்லை என்று கடிதம் எழுதி 4,000 வாங்கினேன். மறு வருஷம் வேறொருவருக்கும் கொடுத்தேன். ஒரே படம் திரும்பத் திரும்பச் சோறு போடும் என்பதை எனக்குக் காட்டியது அதுதான். அப்பாவின் பிஸ்கட் டின் வேறு ரூபத்தில் திரும்பி வந்த மாதிரி.

இப்போது அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு தாள் நீட்டுகிறேன், தமிழில். படங்களின் உரிமை ஸ்டுடியோவிடம் இருக்கும். குடும்பத்தார் அச்சடிக்கலாம், அனுப்பலாம், எங்கு வேண்டுமானாலும் பகிரலாம், காலம் முழுக்க, கூடுதல் காசு இல்லை. விளம்பரத்துக்கு என்றால் இரு தரப்பும் பேசித்தான். உங்கள் சம்மதம் இல்லாமல் நானும் எங்கும் போட மாட்டேன். பள்ளி, கல்லூரி, கடைத் திறப்பு விழா என்றால் கூலி தனி, பிளக்ஸுக்கும் பத்திரிகை விளம்பரத்துக்கும் தனி: ஐந்து படம், ஒரு வருஷம், நம் மாவட்டம், 6,000. வருஷமும் இடமும் போடச் சொன்னது வக்கீல்தான். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளுமாம். படத்தில் குழந்தைகள் இருந்தால் பெற்றோரிடம் சம்மதம் வாங்குவது உங்கள் பொறுப்பு என்பதையும், அந்தப் போனுக்குப் பிறகு, சேர்த்துவிட்டேன்.

தாளைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒரு கல்லூரி அந்த 6,000-ஐ நாலாயிரமாக அடித்துப் பேசியது. பேரம் பேசியதில் எனக்குச் சந்தோஷம். அப்படி ஒரு சரக்கு விலைக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஒருவர் ஒத்துக்கொண்டார்.

எங்கள் தொழில்காரர்கள் பலர் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள், அவர்கள் கண்ணிலும் இது படட்டும் என்றுதான் இவ்வளவு நீளம். கட்டுரை எழுதியவருக்குத் தாளும் பில் புக்கும் பார்க்க வேண்டுமானால் ஆடி பிறந்ததும் வரச் சொல்லுங்கள். அப்போது கடையில் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
ஸ்டுடியோக்காரர் ஒருவர்,
கும்பகோணம்.