கன்னடப் படத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு தமிழ்ப் படம் ஓட்டியது குறித்துப் புகார்

குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் டிவி செட்-டாப் பெட்டியில், வாடகைப் பட வரிசையில், 'ராம ஷாம பாமா' என்று போஸ்டர் போட்டுக் கன்னடம் என்றும் எழுதியிருந்தீர்கள். 99 ரூபாய் கட்டினேன். ஓடியதோ 'சதி லீலாவதி'. ரசீதும் டிவி திரையை எடுத்த போட்டோவும் ஏற்கெனவே அனுப்பியாயிற்று. திரும்பத் திரும்ப அதையே கேட்கிறீர்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உங்கள் கஸ்டமர் கேர் பெண் பேசியதைப் பொறுக்க முடியாது. "ரெண்டும் ஒரே கதைதானே சார், ரெண்டுலயும் கமல்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார். அப்புறம் லைனைத் துண்டித்துவிட்டார்.

ஒரே கதையா? 1995-இல் பாலு மகேந்திரா எடுத்தது தமிழ்ப் படம். அதில் கமல் கொங்குத் தமிழ் பேசுவார், ஜோடி கோவை சரளா. 2005-இல் ரமேஷ் அரவிந்த் முதன்முதலாக இயக்கியது கன்னடப் படம். அதில் கமலும் ஊர்வசியும் பேசுவது வட கர்நாடகத்து ஹூப்ளிக் கன்னடம். அந்தப் பேச்சுக்காகத்தான் அந்தப் படத்தையே பார்ப்பது! கதைக்கு அடிப்படை 'ஷீ-டெவில்' என்ற ஆங்கிலப் படம். கதை ஒன்றுதான் என்று நாளைக்கு அதையும் ஓட்டுவீர்களா? படத்தை வாடகைக்கு விடுகிற கம்பெனிக்கு இது தெரிய வேண்டாமா?

என் மாமனாருக்கு ஊர் ஹூப்ளி. கண் ஆபரேஷன் முடிந்து பெங்களூரில் எங்களோடு இருக்கிறார். தன் ஊர்ப் பேச்சைக் கமல் வாயால் கேட்க வேண்டும் என்று மதியத்திலிருந்தே காத்திருந்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது அவருக்கு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். மருமகன் என்ற மரியாதையே எனக்குப் போய்விட்டது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் அதை உங்களால் ஈடுகட்ட முடியாது.

அல்சூரிலிருந்து கொட்டுகிற மழையில் ஒயிட்ஃபீல்டு ஆபீசுக்கும் வந்தேன். வெகுநேரம் உட்கார வைத்துவிட்டு, "இங்கே கம்ப்ளெயின்ட் எடுக்க மாட்டோம், ஆப்பில் போடுங்கள்" என்றார்கள். ஆப்பில் போட்டால், 48 மணி நேர வாடகை முடிந்துவிட்டது, புகாரை மூடிவிட்டோம் என்று மெசேஜ் வருகிறது! தப்பு உங்களுடையது, கெடு எனக்கா?

உங்களிடம் நல்லவர்களும் இருப்பார்கள் என்றுதான் இன்னமும் பணிவாக எழுதுகிறேன். 99 ரூபாயைத் திருப்புங்கள். சரியான கன்னடப் படத்தை ஏற்றுங்கள். மன உளைச்சலுக்கு 25,000 ரூபாய் தர வேண்டும். இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடுவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். தயவுசெய்து அந்தக் கஸ்டமர் கேர் பெண்ணை மறுபடி என்னிடம் பேச வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்