ஸ்கூல் முத்திரை இல்லாட்டி பிள்ளை ஒண்டும் படிக்கேல்லையோ?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பரில வாசகர் ஒருத்தர் எழுதியிருந்தார், ஸ்கூலுக்கு வெளியில நிண்டு படிக்கிற பிள்ளையள் ராணுவக் கல்லூரி, ஒஃபிசர் எண்டெல்லாம் ஆசைப்படுறது வீண் வேலை, ஃபோம் நேரா குப்பைக்குத்தான் போகும் எண்டு. நான் வெள்ளவத்தையில 20 வருசத்துக்கு மேல கணக்கு ரியூசன் குடுக்கிறவன். அவர் சொன்னதில பாதி சரி, பாதி பிழை. அந்தப் பிழையான பாதிக்குள்ள நானும் கொஞ்சம் மாட்டுப்பட்டனான், அதால எழுதுறன்.

என்ட தங்கச்சி குடும்பம் அமெரிக்காவில. மூத்தவன் ஒன்பதாம் வகுப்போட ஸ்கூலை விட்டிட்டு வீட்டில இருந்துதான் படிச்சவன், கணக்கு மட்டும் நான் இங்கயிருந்து சூமில, எனக்குக் காலமை தேத்தண்ணி, அவனுக்கு ராச்சாப்பாடு முடிஞ்ச நேரம். அவனுக்கு ஆசை அனாபொலிஸில இருக்கிற நேவல் அகாடமி, அது சரிவராட்டி வெஸ்ட் பொயின்ற், ஆமிக்கு ஒஃபிசர்மாரைப் படிப்பிக்கிற இடம். கேட்ட உடன நானும் அந்த வாசகர் மாதிரித்தான், ஸ்கூலே போகாதவனை ஆரடி எடுக்கிறது எண்டு தங்கச்சியைப் பேசிப்போட்டன்.

பிறகு பாத்தா அங்க வீட்டில படிச்ச பிள்ளையளுக்கும் கதவு திறந்துதான் இருக்கு, ஆனா சும்மா இல்லை. ஒருநாள் தங்கச்சி வாட்ஸ்அப்பில, அண்ணா அகாடமிக்கு அனுப்ப நீங்க படிப்பிச்சதை எழுதித் தாங்கோ எண்டாள். அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, நல்ல கெட்டிக்காரன் எண்டு ரெண்டு வரி அனுப்பினன், அப்பிடியே திருப்பி விட்டிட்டாள். என்ன புத்தகம், எந்த அத்தியாயத்தில தொடங்கி எதில முடிச்சது, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், ரெஸ்ட் எத்தனை வச்சது, ஆர் திருத்தினது, எவ்வளவு மார்க்ஸ், எல்லாம் வேணுமாம். நல்ல காலம் நான் எல்லாத்தையும் சி.ஆர். கொப்பியில எழுதி வைக்கிற ஆள், அலுமாரிக்கு மேல இருந்த கொப்பியளை இறக்கித் தூசு தட்டி, மூண்டு நாள் குந்தியிருந்து நாலு பக்கம் எழுதினன். ஒரு கொப்பியில 38 மார்க்ஸ் எண்டு சிவப்பு மையில இருந்துது, அதை மறைப்பமோ எண்டு யோசிச்சிட்டு மறைக்கேல்ல.

அங்க ஸ்கூல் பிள்ளையளுக்கு வகுப்பில எத்தினையாம் பிள்ளை எண்டு ஒரு கணக்குப் போகும், இவன் ஒராளே வகுப்பு, முதலாம் பிள்ளையும் அவன்தான் கடைசிப் பிள்ளையும் அவன்தான். அதால எஸ்.ஏ.ரி. எண்டு கொலிஜுகளுக்குப் போக அங்க எழுதுற பொதுச் சோதனை மார்க்ஸுக்குப் பாரம் கூட. கணக்கு ரீச்சர், இங்கிலீஷ் ரீச்சர் ரெண்டு பேரிட்டயும் சிபாரிசு வேற கேப்பினம், தாயும் மாமனும் எழுதிக் குடுத்தா ஆர் நம்பப் போறான், அதுக்காகவே பக்கத்துக் கொமியூனிட்டி கொலிஜில கல்குலஸும், லேப் செய்யிற கெமிஸ்ட்ரியும் எடுத்தவன், அந்த ஆசிரியர்மார்தான் எழுதினது. உடற்தகுதிச் சோதனை ஒண்டும் இருக்கு, முழங்காலில நிண்டு பாஸ்கற் போலை எறியோணும், புல் அப்ஸ், புஷ் அப்ஸ், பிறகு ஒரு மைல் ஓட்டம், அதுக்கும் வீட்டில ஆள் இல்லை, அடுத்த தெரு ஸ்கூல் பி.ரி. மாஸ்டரைக் கெஞ்சித்தான் நேரம் எடுத்துப் பாத்தது. அதுக்கு மேல செனட்டரோ அந்தத் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரோ பேர் பரிந்துரைக்கோணும், அதுக்கு வேற நேர்முகம்.

கடைசியில முதல் தரம் அவனுக்குக் கிடைக்கேல்ல. காரணம் ஸ்கூல் இல்லை ஐயா, ஆஸ்துமா. 13 வயசுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததெண்டு டொக்டர் எழுதியிருந்தா மெடிக்கலில நிப்பாட்டிப் போடுவினம், விலக்குக் கேக்கலாம், அது இழுபட்டுப் போச்சு. இந்த வருசம் திரும்பப் போட்டிருக்கிறான்.

இதை வாசிச்சிட்டு எங்கட பிள்ளையளும் நேரா போடலாமோ எண்டு கேட்டு வர வேண்டாம். அமெரிக்கச் சிட்டிசனுக்குத்தான் அந்த வழி. வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு ஒரு நேரத்தில ஒரு அகாடமியில 60 இடம் வரைக்கும் இருக்கு, அதுவும் அந்தந்த அரசாங்கம் ஊடாகத்தான்.

இனி இங்கத்தைக் கதை. என்னட்டைப் படிக்கிற ஒரு பெடியன், ஹற்றனில இருந்து வந்தவன், ஓ.எல்.லுக்குப் பிறகு வீட்டுப் பிரச்சினையால ஸ்கூல் நிண்டு போச்சு, பகலில கடையில நிண்டுகொண்டு ரியூட்டரியில படிச்சு கணிதப் பிரிவில ஏ.எல். தனிப்பட்ட பரீட்சார்த்தியா எழுதினவன். அவனுக்கு ரத்மலானை கொத்தலாவலப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில கடெற்றா, அதாவது ஒஃபிசராகப் பயிற்சி எடுக்கிற மாணவனாப் போய் இஞ்சினியரிங் படிக்க ஆசை. முந்திப் பிரதமரா இருந்த சேர் ஜோன் கொத்தலாவல குடுத்த கந்தவல வளவில தொடங்கின இடம், வெள்ளவத்தையில 100ஆம் நம்பர் பஸ் ஏறினா கண்ணுக்கு முன்னால. (ஆமிக்கோ எண்டு முகம் சுளிக்கிறவையும் எங்களுக்குள்ள இருக்கினம், அதுக்குக் காரணமும் இருக்கு, அந்தக் கதைக்கு வேற கடிதம் எழுதோணும்.)

விபரம் கேக்க ஒரு அலுவலகத்துக்குப் போனவன். முதல் கேள்வி, எந்த ஸ்கூல்? ரெண்டாவது, அதிபரிட்ட நற்சான்றிதழ் இருக்கோ? மூண்டாவது, ஸ்கூல் ரீமில என்ன விளையாடினது? மூண்டுக்கும் இல்லை எண்ட உடன, தம்பி நீர் வேற ஏதும் பாரும் எண்டிட்டினம். பெறுபேற்றுத் தாளை வெளியில எடுக்கக் கூட விடேல்லையாம். அவன் கிளப் ஒண்டில 1500 மீற்றர் ஓடுறவன், ஆனா அதுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை, அதில அவனிலயும் பிழை, என்னிலயும் பிழை. அமெரிக்காவில இருக்கிறவனுக்கு நாலு பக்கம் எழுதத் தெரிஞ்ச எனக்கு, முன்னுக்கு இருந்தவனுக்கு ஒரு பக்கம் எழுத வேணும் எண்டு தோணேல்ல பாருங்கோ.

அந்த வாசகர் சொன்ன சரியான பாதி இதுதான். நான் கேக்கிறது சின்ன விசயம். கடெற் விளம்பரம் போடுறவை, ஸ்கூலுக்கு வெளியில இருந்து சோதனை எழுதின பிள்ளை நற்சான்றிதழை ஆரிட்டை எடுக்கலாம், கிளப் விளையாட்டு எடுபடுமோ எண்டு ரெண்டு வரி சேத்துப் போட்டா என்ன குறைஞ்சு போகும்? நீங்களும் உங்கட கல்விப் பக்கத்தில, உரிய ஆக்களிட்டக் கேட்டு, தமிழில விளக்கமாப் போட்டா என்னட்ட வாற பிள்ளையளுக்கு வெட்டிக் குடுப்பன்.

பெடியனுக்கு இப்ப நானே ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் குடுத்திருக்கிறன். சனிக்கிழமை கிளப் கோச் ஓடின நேரத்தை எழுதி சைன் வைக்கிறார், ரியூட்டரி சேர்மாரிட்டயும் மார்க்ஸ் எழுதி வாங்குறான். போன கிழமை மழை, கோச் வரேல்ல, அந்த வரி வெறுமையா இருக்கு.

இப்படிக்கு,
கணக்கு மாஸ்டர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.