உளவியல் படிக்க நினைப்பவர்களைத் தடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் படிப்பை முடிப்பவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட வழிகாட்டிக் கட்டுரையில் உளவியல் இளநிலைப் பட்டத்துக்கு இரண்டே வரிகள்தான் இருந்தன. மேற்படிப்பு முடித்துக் கவுன்சலிங் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் அது உதவும், மருத்துவம் சார்ந்த மற்ற வேலைகளுக்கு அது சுற்றுவழி என்று எழுதியிருந்தார்கள். நான் உளவியலில் இளநிலைப் பட்டம் வாங்கிவிட்டு, அப்புறம் பிசியோதெரபி படித்தவள். பக்கவாதத்திலிருந்தும் நாள்பட்ட முதுகுவலியிலிருந்தும் மீண்டு வருகிறவர்களோடு வேலை செய்கிறேன். அந்த இரண்டு வரியை நம்பி யாரும் தங்கள் விண்ணப்பத்தில் உளவியலை அடித்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதுகுவலிக்காரர் ஒருவர் பல மாத வலியோடு என்னிடம் வந்தால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: "உங்க முதுகுக்குள்ள என்ன ஆகியிருக்குன்னு நினைக்கிறீங்க?" ஒருவர், "டிஸ்க் வெளியே வந்து நரம்பு மேல உட்கார்ந்திருக்கு, குனிஞ்சா அறுந்துடும்" என்றார். நரம்பு அறுந்துவிடும் என்று நம்புகிறவர் எப்படிக் குனிவார்? குனியாமலே இருப்பார். தசை இறுகும், பலம் குறையும், லேசாக அசைந்தாலும் வலிக்கும். வலிக்க வலிக்கப் பயம் இன்னும் கூடும். இந்தச் சுழலை உடைக்காமல் நான் எத்தனை உடற்பயிற்சி எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தாள் பையிலேயே கிடக்கும்.

1965-இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் வலி பற்றி ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். வலிச் செய்திகள் தண்டுவடத்தில் ஒரு வாயிலைத் தாண்டித்தான் மூளைக்குப் போகின்றன, மேலே மூளையிலிருந்து இறங்கி வரும் செய்திகளாலும் அந்த வாயில் திறக்கும், மூடும் என்பது அதன் சாரம். கவனம், பயம், பழைய அனுபவம் எல்லாம் வலியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதற்கு அது உடலியல் ரீதியான விளக்கம் கொடுத்தது. விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும் அடிப்படை நின்றது. பிசியோதெரபியிலும் இதைப் படித்தேன். ஆனால் மெல்சாக் ஒரு உளவியலாளர் என்று எனக்குச் சொன்னது உளவியல் வகுப்புதான்.

அந்த நோயாளிக்கு நான் செய்த சிகிச்சையும் அங்கே கற்றதுதான். உயரத்தைக் கண்டு நடுங்குகிறவரைப் படிப்படியாக உயரத்துக்குப் பழக்கும் முறையை இளநிலையில் எல்லோருமே படிப்போம். அதையே குனிவதற்குப் பயன்படுத்தினோம். நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்காலைத் தொடுவது, பிறகு கணுக்காலை, பிறகு நின்றுகொண்டு மேஜை மேலிருக்கும் பையை எடுப்பது, கடைசியில் தரையிலிருக்கும் பையை. ஒவ்வொரு படியிலும் "இப்போ என்ன ஆகும்னு எதிர்பார்க்கிறீங்க?" என்று முன்கூட்டியே சொல்லச் சொல்வேன். நடந்த பிறகு, சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதை அவரே பார்ப்பதுதான் மருந்து.

பக்கவாதத்தில் இது இன்னும் முக்கியம். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் இருக்காது. பார்வை நன்றாக இருக்கும், ஆனாலும் தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுவார்கள், கதவின் இடது நிலையில் இடித்துக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவர்கள், "வேணும்னே பண்றார்" என்று அலுத்துப்போய் என்னிடம் வருவார்கள். அவர்களை உட்காரவைத்துக் கவனம் என்பது மூளையில் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினால் அன்றைக்கே அந்த வீட்டின் பேச்சு மாறிவிடுகிறது. அதே போல, பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சிக்கு ஒத்துழைக்காதவரைப் பார்த்து "சோம்பேறி" என்று குறிப்பு எழுதாமல், தூக்கம், பசி, ஆர்வம் எப்படி இருக்கிறது என்று விசாரித்து உரிய மருத்துவரிடம் அனுப்பத் தெரிய வேண்டும். சிகிச்சை அளிப்பது என் வேலை இல்லை. கண்டுகொள்வது என் வேலை.

இது பிசியோதெரபிக்கு மட்டும் உரியதா? உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் சராசரியாகப் பாதிப்பேர்தான் சொன்னபடி சிகிச்சையைத் தொடர்கிறார்கள் என்றது. மருந்து இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, ஆனாலும் பாதி வழியில் நின்றுபோகிறது. 1950-களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவச எக்ஸ்ரே பரிசோதனை வைத்தும் எதிர்பார்த்த அளவு மக்கள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தேடிய சமூக உளவியலாளர்களிடமிருந்துதான், நோய் தனக்கும் வரலாம் என்று ஒருவர் நினைக்கிறாரா, வந்தால் மோசமாக இருக்கும் என்று நினைக்கிறாரா, பரிசோதனையால் பலன் உண்டு என்று நம்புகிறாரா என்று கேட்கும் பழக்கம் பொது சுகாதாரத்துக்கு வந்தது. செவிலியர், உணவியல் நிபுணர், மருந்தாளுநர், பேச்சுப் பயிற்சியாளர் என்று யாராக இருந்தாலும் தினமும் இந்தக் கேள்விகள் முன்னால் வந்து நிற்கின்றன. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வின் நான்கு பகுதிகளில் ஒன்றாக 2015-இல் உளவியலும் சமூகவியலும் சேர்க்கப்பட்டன. வருங்கால மருத்துவர்களுக்கே இது வேண்டும் என்று அவர்கள் முடிவுசெய்திருக்கிறார்கள்.

உங்கள் கட்டுரையில் நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிற வரியும் உண்டு. இளநிலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு யாரும் மனநல சிகிச்சை அளிக்கக் கூடாது. பிரிட்டனில் மருத்துவ உளவியலாளர் ஆவதற்குப் பட்டத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு முனைவர் பயிற்சி வேண்டும். மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகாமல் அந்த வேலைக்கு வர முடியாது, வரவும் கூடாது. மூன்றாண்டு படிப்பு முடிந்ததும் பலகை மாட்டலாம் என்று ஆசை காட்டும் விளம்பரங்களை உங்கள் நாளிதழ் கண்டிக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பிறகு நர்சிங், பிசியோதெரபி, மருத்துவம் என்று போக எண்ணம் இருந்தால், அந்தப் படிப்புகளுக்குப் பள்ளியில் உயிரியல் கேட்கிறார்களா, வயது வரம்பு உண்டா என்று சேர்வதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இதைக் கடைசி ஆண்டில் பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

மாணவர்கள் பயந்து ஒதுங்கும் புள்ளியியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு அதிகம் கைகொடுக்கும் பாடம் அதுதான். 2015-இல் ஒரு பெரிய ஆய்வாளர் குழு, உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூலத்தில் 97 சதவீதம் புள்ளியியல்படி உறுதியான முடிவைச் சொல்லியிருந்தன. திரும்பச் செய்ததில் 36 சதவீதம்தான் அப்படி வந்தன. தன் துறையையே இப்படிச் சோதித்து முடிவை வெளியில் சொன்னதில் எனக்கு உளவியல் மீது மரியாதை கூடித்தான் போனது. புதிதாக ஒரு கருவியோ சிகிச்சையோ சந்தைக்கு வந்து, விற்பனையாளர் வண்ணத்தாளை நீட்டும்போது, எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், ஒப்பீட்டுக் குழு இருந்ததா, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது அளந்தவருக்குத் தெரியுமா என்று கேட்கும் தைரியம் அந்த வகுப்பில் வந்தது.

அடுத்த முறை இந்தப் பாடத்தைப் பற்றி எழுதும்போது, கல்லூரியின் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல் பாடத்திட்டத்தையும் வாங்கிப் படிக்கும்படி மாணவர்களுக்குச் சொல்லுங்கள். மூளை, நரம்பு மண்டலம் பற்றிய தாள் இருக்கிறதா? புள்ளியியலும் ஆய்வுமுறையும் எத்தனை பருவத்துக்கு? செய்முறை வகுப்பு உண்மையிலேயே நடக்கிறதா, மதிப்பெண் பட்டியலில் மட்டும் இருக்கிறதா? இந்தக் கேள்விகளைச் சேர்க்கை நாளன்று துறை ஆசிரியரிடமே நேரில் கேட்கலாம். முடிந்தால், அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவரிடமும்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் ஒருவர்