கீழக்குயில்குடி தாமரைக் குளத்தைத் தூர்வார நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்த கீழக்குயில்குடியில், அய்யனார் கோயிலும் ஆலமரங்களும் தாமரைக் குளமும் அடிவாரத்தில் சூழ்ந்திருக்க, சமணர் மலை நிற்கிறது. பாறையில் வெட்டப்பட்ட படிகளில் நிதானமாக ஏறினால், சமணச் சிற்பங்கள் உள்ள பேச்சிப்பள்ளத்தை அடையலாம். மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் ஓரிரு முறை நின்று இளைப்பாறி ஏறிவிடக்கூடிய ஏற்றம்தான் அது. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும் என்பதால் காலையில் புறப்படுவதே நல்லது. அதற்கும் மேலே, மொட்டைப் பாறையாக நீளும் மலைமுதுகில் சமணத் துறவிகளின் பழைய பள்ளியின் அடித்தளத்தையும் விளக்குத் தூணையும் நோக்கி நடக்கையில், கீழே குளம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

மேலிருந்து பார்க்கும்போது இலையும் பூவுமாகத் தெரியும் அந்தக் குளத்தை அருகில் சென்று பார்க்க எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை. சென்ற மாதம் கரையோரத்தைச் சுத்தம் செய்தபோது, ஒரு தாமரை இலையைத் தூக்கினால் அதன் அடியில் பால் பாக்கெட் உறையும், கற்பூர டப்பாவும், பாதி சோறு ஒட்டிய பாக்குமட்டைத் தட்டும் கிடந்தன. மழைநீரோடு இறங்கும் மண்ணும் ஆண்டுதோறும் படிந்து ஆழம் குறைந்துகொண்டே வருகிறது.

ஆகவே, உரிய அனுமதி பெற்று, வரும் கோடையில் குளத்தின் ஒரு பாதியையும் அடுத்த கோடையில் மறுபாதியையும் தூர்வார எண்ணியுள்ளோம். ஒரே வீச்சில் தோண்டினால் தாமரைக் கிழங்குகள் அனைத்தும் அழிந்துவிடும் என்பதாலேயே இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறோம். இயந்திர வாடகை, வண்டிக் கூலி, படித்துறைச் சீரமைப்பு, மலையேறும் இடத்தில் குப்பைத் தொட்டிகளும் குடிநீரும் என முதல் ஆண்டுக்கு ரூ.2,40,000 தேவைப்படும் என்று மதிப்பிட்டுள்ளோம். மலை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அங்குள்ள ஒரு கல்லைக்கூட நாங்கள் தொடப்போவதில்லை.

பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள, சமண சமய ஆசான்களான தீர்த்தங்கரர்களின் திருமேனிகளின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் பழைய தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்று, அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் செய்த கொடையை இன்றும் படிக்க முடிகிறது. ஆனால் அதே மலையில் இப்போது ஆணியாலும் சாயத்தாலும் தம் பெயரைக் கிறுக்கிச் செல்பவர்களைக் காணும்போது நெஞ்சு வேகிறது. எனவே, நன்கொடையாளர் பெயர்களை எந்தக் கல்லிலும் பொறிக்காமல் கணக்கேட்டில் மட்டுமே பதிவு செய்வோம். வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் கோயில் முன்பு வாசித்துக் காட்டுவோம்.

நூறு ரூபாயானாலும் எங்களுக்குப் பெரிதே. பணமாகத் தர இயலாதவர்கள் மண்வெட்டி, கூடை, கையுறை ஆகியவற்றைத் தரலாம். அல்லது ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஆலமரத்தடிக்கு வந்து எங்களோடு இரண்டு மணி நேரம் உழைக்கலாம். பணம் தருபவர்கள் குழுப் பொருளாளரிடம் தவறாமல் ரசீது பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
குளப் பராமரிப்புக் குழுவினர்